எந்த ஒயர் எது

தெரெக்-அஷூ, நாரின்
2001 மே 14

தம்பி கனிமெத்,

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட இந்தக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு மடித்து வைத்துவிடாதே. இங்கே யாரும் உன்னை நினைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. அப்பா குதிரையைப் பார்த்துக்கொள்கிறார். நான் வேன் ஓட்டுகிறேன். "பொம்பள ஓட்டுற வண்டியில ஏற மாட்டேன்" என்று சொன்ன ஆண்பிள்ளைகள் எல்லாரும் இப்போது என் வேனில் முன் சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். உன் ஜிகுலி கார் டிக்கியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தாயே, அதிலிருந்து வரும் ஒயர்களில் எது எதற்கு?

காரணத்தையும் சொல்கிறேன். மார்ச் மாதம் அப்பாவுக்கு பிஷ்கெக்கில் தொண்டையில் ஆப்பரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் குரல் போய்விட்டது. குசுகுசுவென்றுதான் பேச வருகிறது. குதிரைமேல் இருந்தபடி செத்த ஆட்டைப் பிடுங்கிக் குழியில் போடுகிற உலாக் ஆட்டத்தில் எவன் தூக்கினான், எவன் பறிகொடுத்தான் என்று ஆற்றுக்கு அக்கரையில் மேய்க்கிறவனுக்குக்கூடக் கேட்க வைத்த மனிதர் அவர். இன்று அடுப்படியில் நின்று தேநீர் கேட்டால் அடுத்த அறையில் இருக்கிற எனக்குக் காதில் விழுவதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டு விழா. மாவட்டத்து உலாக் நம் மைதானத்தில்தான். போன வாரம் கலாசார மன்றத்து தெமிர்குல் வீட்டுக்கு வந்தான். குதிரைப்பால் குமிஸ் குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஓமுர்சாக் அண்ணே, இந்தத் தடவ ஆட்டத்த நான் சொல்லிக்கிறேன். நீங்க பெரியவங்களோட முன்வரிசையில உக்காருங்க. புது அங்கி ஒண்ணு போத்தறோம்."

அப்பா அவனை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "செத்தவனுக்குத்தான் போத்துவாங்க."

அன்றிலிருந்து மைதானத்துப் பக்கமே போவதில்லை. குதிரையைக்கூடச் சுற்றுவழியில் ஓட்டிப் போகிறார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. உன் பெட்டியை என் வேனில் ஏற்றி அவரைப் பேச வைக்கப் போகிறேன். பழைய கூட்டுப்பண்ணை மன்றத்துக் கூரையில் துருப்பிடித்துக் கிடந்த புனல் ஸ்பீக்கர்கள் இரண்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஒயர் மட்டும்தான் புரியவில்லை. அடியோடு வெட்டுப்பட்டிருக்கிறது, விரல் நீளம்தான் மிச்சம்.

தோல் வியாபாரி சேகெர் ரயிலேறுகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

உன் அக்கா,
ஜெய்னெப்

*

யெகாதெரின்பர்க்
2001 ஜூன் 3

அக்கா,

ஆப்பரேஷன் மார்ச்சில். எனக்குக் கடிதம் மே மாதம். அதுவும் ஒயர் கேட்டு.

உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே சேகெர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். சந்தை நடுவில், கையில் ரொட்டியோடு நின்றிருந்தேன். "உங்கப்பாவுக்குத் தொண்ட இப்ப தேவலையா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றும் தெரியாத மகனை அந்த மனிதர் பார்த்த பார்வை உனக்குத் தெரியாது.

சரி. ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். அவற்றை வெட்டியவன் நான் இல்லை. அப்பாதான் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பெரிய கத்தரியோடு டிக்கியைத் திறந்து, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கொத்தாகப் பிடித்து வெட்டினார். ஜூமாபாய் வீட்டில் சாவு என்று எனக்கு யார் சொன்னது? நாரினிலிருந்து நேராக வந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பியதும் அவர்கள் வாசலில் துக்கக் கூடாரத்தைப் பார்த்தேன். கை போய் அணைப்பதற்குள் கூடாரத்திலிருந்து எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அதை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இடம் கொடுத்தாரா? "குதிரையைப் பயமுறுத்துற டப்பா" என்றார். அந்த டப்பாவை நான் எப்படிச் சேர்த்தேன் என்று உனக்குத் தெரியும். நம் மாவட்டத்திலேயே அப்படி ஒரு சத்தம் யார் காரிலும் இல்லை. நான் கட்டியது.

இங்கே அந்த வேலையைத்தான் செய்கிறேன். வித்தாலி என்பவரின் பட்டறை. வெளிநாட்டுக் காருக்குச் சங்கீதம் வைக்க வேண்டுமென்றால் ஊர்க்கோடியிலிருந்து என்னைத் தேடி வருகிறார்கள். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் சொல்.

ஒயர் எது என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால் அவரே கேட்கட்டும். ஒரு வரி எழுதினால் போதும். கைதானே எழுதுகிறது, அதற்குத் தொண்டை வேண்டாமே.

கனிமெத்

இன்னொன்று. பேட்டரியில் எதையும் வைத்துப் பார்க்காதே. இந்நேரம் வைத்துப் பார்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது.

*

தெரெக்-அஷூ
2001 ஜூன் 22

கனிமெத்,

வைத்துப் பார்த்தேன். கறுப்பு ஒயரை வேன் பாடியிலும், தடிமனான மற்றதை பேட்டரி பாஸிடிவிலும். என் வேனில் கறுப்பு என்றால் எர்த். டப் என்று ஃபியூஸ் போயிற்று. கொஞ்சம் புகை வாசனை. பெட்டி செத்ததா பிழைத்ததா என்று உனக்குத்தான் தெரியும்.

இப்போது உன் கோபத்துக்குப் பதில். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது அப்பா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, குரல் இன்னும் இருந்தபோது, வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "வியாதின்னு கேட்டு ஓடி வர்ற புள்ள எனக்கு வேணாம். வரணும்னு தோணினா வரட்டும்." அவர் முழுக்குரலில் என்னிடம் கடைசியாகச் சொன்ன பேச்சுகளில் அதுவும் ஒன்று. நான் அதை மீறவில்லை. உனக்கு வலித்திருந்தால் வலிக்கட்டும். எனக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தபோது வலித்தது.

அவர் ஒரு வரி எழுத மாட்டார். நீயும் அது வராமல் தர மாட்டாய். ஏனென்றால் நீ அவர் பிள்ளை. நான் மட்டும் வேறு வீட்டிலிருந்தா வந்தேன்? நான் ஒரு தடவைதான் கேட்பேன். கேட்டாயிற்று. நீ சொல்லாவிட்டால் ஒயர் ஒயராக நானே வைத்துப் பார்ப்பேன். எரிந்தால் எரியட்டும். மாவட்டத்திலேயே இல்லாத சத்தம் என்றாயே, அதைத் தெமிர்குல் ஒலிபெருக்கியின் கரகரப்புக்கு விட்டுக்கொடுத்ததாக ஊர் பேசட்டும்.

உனக்குச் சொல்ல நினைத்த ஒன்று இருக்கிறது. பெட்டியை எடுக்கத் தொழுவத்துக்குப் போனேன். எலி கடித்து நாசமாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது நல்ல கம்பளித் துணியில் சுற்றி, கயிறு கட்டி, ஈரம் படாமல் கோதுமைப் பெட்டி மேல் இருந்தது. ஸ்பீக்கர் ஒயர், திருகாணி எல்லாம் ஒரு பையில் கூடவே. வைத்தது நான் இல்லை. யார் என்று நான் கேட்கவும் இல்லை.

ஒயர்கள் இப்படி இருக்கின்றன. தடிமனாக இரண்டு: ஒன்று கறுப்பு, இன்னொன்று பழுப்பு. ஒல்லியாக ஒன்று நீலம், தனியாக. நடுத்தரமாகப் பச்சை இரண்டு, ஊதா இரண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் கறுப்புக் கோடு ஓடுகிறது, வெளுத்துப்போயிருக்கிறது. பிறகு உள்ளே வலை மாதிரி கம்பி சுற்றிய மெல்லிய ஒயர் இரண்டு. பெட்டி மேல் பெயர், எழுத்து ஒன்றும் இல்லை. எல்லாம் தேய்ந்துவிட்டது.

ஜெய்னெப்

*

யெகாதெரின்பர்க்
2001 ஜூலை 10

அக்கா,

பெட்டி சாகவில்லை. ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து அதைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஃபியூஸை வைத்தவன் நான். அளவு பார்த்து வைத்தேன். பெரிதாகப் போட்டுவைத்திருந்தால் இன்று உன் கையில் கரித்துண்டுதான் இருக்கும்.

உன் கடிதத்தை வித்தாலிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒயர் பகுதியை மட்டும்தான். "உங்கக்கா நல்லாப் பாத்திருக்காங்க" என்றார். அவர் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை.

கவனமாகக் கேள். நிறத்தை நம்பாதே. இந்தப் பெட்டி ஒரு ஜெர்மன் காரில் இருந்தது, பிறகு எவனோ ஒருவன் கைக்குக் கிடைத்த ஒயரை ஒட்டுப் போட்டான், அதற்குப் பிறகு என்னிடம் வந்தது. ஜெர்மன்காரனுக்குப் பழுப்புதான் எர்த். ஒட்டுப் போட்டவன் பாஸிடிவுக்குக் கறுப்பைப் போட்டுத் தொலைத்தான். இதை நான் அன்றே மாற்றியிருக்க வேண்டும், எனக்குத் தெரிந்ததால் விட்டுவிட்டேன். நீ தலைகீழாகக் கொடுத்தாய், அவ்வளவுதான். ஆனால் நான் சொல்வதையும் நம்பாதே, என் ஞாபகம் பிசகலாம். பெட்டியைத் திறந்து பார். அடியில் திருகாணிகள் இருக்கும்.

உள்ளே செம்புக் கம்பி சுற்றிய வளையம் ஒன்று இருக்கும், குழந்தைக்குக் கொடுக்கிற ரொட்டி வளையம் மாதிரி. எந்தத் தடிமன் ஒயர் ஃபியூஸ் வழியாகப் போய் அந்த வளையத்தின் பக்கம் சேர்கிறதோ அது பேட்டரிக்கு. எந்தத் தடிமன் ஒயர் பெட்டியின் உலோகத்தோடு சேர்கிறதோ அது எர்த். சந்தேகமிருந்தால் ஒரு டார்ச் செல்லையும் சின்ன பல்பையும் ஒயரில் கோத்துக்கொள். ஒரு முனையைப் பெட்டி உடம்பில் வை, மறுமுனையை ஒயரில் வை. எர்த் என்றால் பல்பு பளிச்சென்று எரியும்.

தனியாக நிற்கிற நீலம்தான் எழுப்புகிற ஒயர். அதற்கு பாஸிடிவ் கிடைத்தால்தான் பெட்டி கண் திறக்கும். இல்லையென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் கல் மாதிரி கிடக்கும். சாவி போட்டால் மின்சாரம் வருகிற இடமாகப் பார்த்து அதைக் கொடு. பச்சை ஜோடி ஒரு ஸ்பீக்கருக்கு, ஊதா ஜோடி இன்னொன்றுக்கு. கோடு போட்டது நெகடிவ். அந்த நெகடிவை வேன் பாடியில் எர்த் என்று நினைத்துத் தொட்டுவிடாதே. இந்த ஒன்றில் மட்டும் ஃபியூஸ்கூட உன்னைக் காப்பாற்றாது. வலைக்கம்பி சுற்றிய மெல்லியவை சத்தம் உள்ளே வருகிற வழி.

மைக்கை நேராக இதில் சொருகினால் ஒன்றும் கேட்காது. பள்ளிக்கூடத்தில் மைக் துளையுள்ள டேப்ரிகார்டர் இருக்குமே, அதைக் கேட்டு வாங்கு. மைக் அதில். அதன் இயர்போன் துளையிலிருந்து பெட்டிக்கு. புனல் ஸ்பீக்கர்களின் முதுகில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் கொடு.

எவ்வளவு எழுதிவிட்டேன் பார். ஒரு வரி கேட்டவன் நான்.

கம்பளித் துணி விஷயம். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. விடு.

கனிமெத்

*

தெரெக்-அஷூ
2001 ஜூலை 29

தம்பி,

பேசியது.

நீ சொன்னபடி திறந்தேன். ரொட்டி வளையம் இருந்தது. கறுப்பு அதன் பக்கம், பழுப்பு உடம்போடு. பல்பு வைத்தும் பார்த்தேன், எரிந்தது. உன் ஞாபகம் பிசகவில்லை. ஒட்டுகளை எல்லாம் புதிதாகப் போட்டு, கறுப்பின் மேல் சிவப்பு நாடா சுற்றினேன். இனி எவளும் என்னைப் போல் ஏமாறக் கூடாது.

காலை வேளை. அப்பா குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். சாவியைத் திருப்பினேன். டேப்ரிகார்டர் மைக்கை வாயில் வைத்து, என்ன சொல்வதென்று தெரியாமல், "நாரின், நாரின், ஏறுங்க, எடம் இருக்கு" என்றேன். வாயில் வந்தது அதுதான். ஆடுகள் வேலியைத் தாண்டி ஓடின. பக்கத்து வீட்டுக் கிழவர் பையோடு வந்துவிட்டார், வேன் கிளம்புகிறதென்று.

திரும்பினால் அப்பா நிற்கிறார். குதிரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. குதிரை மிரளவே இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன், நீ சந்தோஷப்படுவாய்.

அவர் வேனுக்குள் குனிந்து பெட்டியைப் பார்த்தார். ஒட்டுப் போட்ட இடங்களைப் பார்த்தார். கத்தரி பட்ட இடம் எல்லாம் நாடா சுற்றி வரிசையாக நிற்கிறது. விரலால் தடவினார். "எந்த ஒயர் எதுன்னு யார் சொன்னது?" என்றார்.

"உங்க புள்ள."

குதிரையைக் கொண்டுபோய்க் கட்டினார். அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுக்கவில்லை. எனக்குள் கோபம் கொதித்தது. இத்தனை பாடும் எதற்கு என்று பெட்டியைக் கழற்றி எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றார். "பின்னாடி ஒரு முனகல் கேக்குதே," என்றார். "எஞ்சின ஏத்தினா அதுவும் ஏறுது. கொசு மாதிரி."

"கொஞ்சம் இருக்கும்பா."

"இருக்கக் கூடாது. நான் பேசுறப்ப இன்னொருத்தன் கூட முனகக் கூடாது. அவன்கிட்ட கேளு."

கேட்டாயா கனிமெத்? அவன்கிட்ட கேளு என்றார். நீ கேட்டது ஒரு வரிதான். வந்துவிட்டது, கையெழுத்து மட்டும் என்னுடையது. இனி பதில் உன் பாடு.

ஜெய்னெப்

*

யெகாதெரின்பர்க்
2001 ஆகஸ்ட் 10

அக்கா,

சேகெர் நாளை கிளம்புகிறார், அவசரமாக எழுதுகிறேன்.

முனகலுக்குக் காரணம் எர்த். நீ அதைப் பெயின்ட் மேல் முடுக்கியிருப்பாய். சுரண்டு. உலோகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும்வரை சுரண்டி, பிறகு திருகாணியை இறுக்கு. எர்த் ஒயர் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அடுத்தது, பேட்டரி ஒயரை வேனின் ஒரு பக்கமாகவும், சத்தம் வருகிற மெல்லிய ஒயரை மறு பக்கமாகவும் கொண்டுபோ. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் எஞ்சின் பேசுவது எல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். டேப்ரிகார்டரை அதன் சொந்த செல்லிலேயே ஓட்டு, வேனிலிருந்து கொடுக்காதே. இது மூன்றும் செய்தால் முனகல் போகும். போகாவிட்டால் நான் தொழிலை விட்டுவிடுகிறேன்.

பெட்டி சூடாகும். மேலே ஜமக்காளம், கோட்டு எதையும் போடாதே. எல்லா ஒட்டையும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டு. உலாக்கில் குதிரைகள் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்.

இனி அவருக்கு. நீ படித்துக் காட்டு. மைக்கை உதட்டில் படுகிற அளவு பக்கத்தில் வைக்க வேண்டும். கத்தக் கூடாது. ஆட்டம் சூடு பிடித்ததும் கத்தத்தான் பார்ப்பார், வாழ்நாள் முழுக்கக் கத்தியவர். கத்தினால் தையல் போட்ட இடத்துக்கும் கேடு, சத்தமும் உடையும். காதோடு காதாக ரகசியம் சொல்கிற மாதிரி சொல்லட்டும். பெரிதாக்குவது பெட்டியின் வேலை. அந்தப் பெட்டிக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். அதற்கு நான் பொறுப்பு.

கனிமெத்

*

தெரெக்-அஷூ
2001 செப்டம்பர் 2

தம்பி,

நீ தொழிலை விட வேண்டாம். முனகல் போய்விட்டது. உன் பகுதியைப் படித்துக் காட்டியபோது "எனக்கே பேசக் கத்துக் குடுக்கிறானா" என்றார். ஆனால் அன்றிலிருந்து தொழுவத்தில் குதிரையிடம் ரகசியம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் விழா. எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

வேனை மைதானத்துக்கு ஓட்டிப் போனபோது தெமிர்குல் கையை நீட்டி மறித்தான். "ஜெய்னெப், இது அரசாங்க விழா. கல்யாண வண்டிய எல்லாம் உள்ள விட முடியாது." அவன் பின்னால் மாவட்டத்து அதிகாரிகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருப்பேன். அதற்குள் அப்பா இறங்கிவிட்டார். வெள்ளைத் தொப்பி, பழைய அங்கிதான், ஆனால் துவைத்தது. தெமிர்குல் முன்னால் போய் நின்று ஏதோ சொன்னார். அவனுக்குக் கேட்கவில்லை. குனிந்தான். இன்னும் குனிந்தான். ஊர் முழுக்கப் பார்த்தது, தெமிர்குல் எங்கள் அப்பா முன்னால் குனிந்து நின்றதை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஒரு ஆட்டம் எனக்குக் குடு. ஜனங்க போதும்னு சொன்னா நானே எறங்கிடறேன்" என்றாராம்.

வேனை மேட்டில் நிறுத்தினேன். முதல் ஆட்டம் தொடங்கியது. ஆட்டை நடுவில் போட்டதும் குதிரைகள் சுற்றி வளைத்துக்கொண்டன. அப்பா வேன் கூரையில் ஏறி நின்று மைக்கை உதட்டில் வைத்தார். "யாரு அது, சப்பார் மகனா? ஆட்டத் தூக்குறியா, கட்டிப் புடிச்சுத் தூங்குறியாடா?"

கனிமெத், அது எப்படிக் கேட்டது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அவர் கத்தினால் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இது வேறு. மைதானத்தில் இருந்த ஒவ்வொருத்தன் காதுக்குள்ளும் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. அப்புறம் சிரிப்பு ஒரு கோடியில் தொடங்கி மறு கோடிவரை போயிற்று. சப்பார் மகனே சிரித்துவிட்டு ஆட்டை நழுவவிட்டான். "சிரிச்சா ஆடு வராது, கெடைக்கறது ஏச்சுதான்" என்றார். யாரும் போதும் என்று சொல்லவில்லை. இரண்டாம் ஆட்டம் முடிந்தபோது தெமிர்குல் தானே ஒரு கிண்ணம் குமிஸ் கொண்டுவந்து வேன் படியில் வைத்துவிட்டுப் போனான். அவனை இனிமேல் அதிகம் திட்ட மாட்டேன்.

இறுதி ஆட்டம் நம் எசென் அணிக்கும் அக்-முஸ் ஊர்க்காரர்களுக்கும். ஆட்டைப் பிடித்த கும்பல் அப்படியே மேட்டை நோக்கி வந்தது. ஜனங்கள் சிதறி ஓடினார்கள். ஒரு குதிரை வேனில் மோதியது. கதவு நசுங்கியது. ஒரு புனல் கீழே தொங்கியது. சத்தம் செத்துவிட்டது.

உடனே சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். வெளியே குளம்புச் சத்தம், வேன் ஆடுகிறது. பெட்டியைத் தொட்டேன், சூடு இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. கறுப்பு இருக்கிறது, பழுப்பு இருக்கிறது. அப்படியானால் தூங்குகிறது என்று நினைத்தேன். நீலத்தைத் தேடினேன். மோதலில் அறுந்து தரைவிரிப்புக்குள் போய்க் கிடந்தது.

அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அப்பா நிறுத்தவில்லை. வேன் கூரையில் நின்று, வெறும் மைக்கில், குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கேட்டதை அவர்கள் திரும்பிப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். "எசென் கையில ஆடு." "எசென் கையில ஆடு." "எசென் வெளிய வந்துட்டான்." வரிசை வரிசையாக அந்தப் பேச்சு மைதானத்தைச் சுற்றிப் போனது. சீட்டுக்கு அடியில் இருந்த எனக்கு அது நதிச் சத்தம் போலத்தான் கேட்டது.

அறுந்த நீலத்தைப் பல்லால் உரித்து முறுக்கினேன். பெட்டி டப் என்று விழித்தது. "போட்டாண்டா" என்று அப்பாவின் குரல் ஒரு புனலிலிருந்து வந்தபோது எசென் ஆட்டைக் குழிக்குள் எறிந்திருந்தான். நாம் ஜெயித்தோம்.

பரிசு கொடுக்கும்போது ஜெயித்தவர்கள் பெயரை இன்னார் மகன் இன்னான் என்று வழக்கம் போல அப்பாதான் வாசித்தார். எல்லாம் முடிந்தது. மைக்கைக் கொடுத்துவிடுவார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"அக்-முஸ்லேர்ந்து வந்தவங்க, பேசுறது யாருன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. சொல்லிடறேன். நான் ஜெய்னெப்போட அப்பன். கனிமெத்தோட அப்பன். மூத்தவ இதோ நிக்கிறா, மூஞ்சியெல்லாம் கிரீஸோட. சின்னவன் ரஷ்யாவுல இருக்கான். கார் ஒயரிங்ல அவன மிஞ்ச ஆள் கெடையாது. இந்தக் குரல் அவங்க கட்டினது."

அவ்வளவுதான். இறங்கிக் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வீட்டுக்கு நடந்தார். நான் கூட்டத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்தால் கிரீஸ் இன்னும் பரவும் என்று துடைக்கவில்லை.

உன் அக்கா,
ஜெய்னெப்

*

யெகாதெரின்பர்க்
2001 செப்டம்பர் 19

அக்கா,

கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். குளிர் தொடங்கிவிட்டது.

உனக்கு எழுதாத ஒன்று. இங்கே என்னை யாரும் கனிமெத் என்று கூப்பிடுவதில்லை. வந்த முதல் நாள் வித்தாலி, "வாயில நுழையல, நீ கோல்யா" என்றார். அதிலிருந்து எல்லாருக்கும் கோல்யாதான். வாடிக்கையாளர்கள், எதிர்க்கடைக்காரர்கள், டீக்கடைப் பெண் எல்லாரும். எனக்கும் பழகிவிட்டது. ரஷ்யாவில் இருக்கிற நம் ஆட்களில் பாதிப் பேர் கோல்யா, மீதிப் பேர் மீஷா.

உள்ளே வந்து வித்தாலியிடம் சொன்னேன்: "என் பேரு கனிமெத். ஓமுர்சாக் மகன்."

"தெரியுமே. என்ன இப்ப?"

"இப்பலேர்ந்து அப்படித்தான் கூப்பிடணும்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். பேரை வாயில் போட்டு ஒருமுறை மென்றார், தப்பாக வந்தது. இன்னொருமுறை மென்றார். "கனி-மெத்." அப்புறம், "அது யாரு லெட்டர்?" என்று கேட்டார். இந்த முறை ஒயர் பகுதியோடு நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நீ பல்லால் உரித்த இடத்தில் "ஐயோ, கட்டர் இல்லையா" என்றார். அப்பா பேசிய இடத்தில் ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

இன்று மதியம் நான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். யாரோ ஒரு பெரிய மனிதர், பளபளக்கும் காலணி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, வாசலில் நின்று கேட்டார்: "கோல்யா எங்க? ஒயரிங் நல்லாப் பண்ணுவானாமே."

"கோல்யான்னு இங்க யாரும் இல்ல," என்றார் வித்தாலி. "கனிமெத் இருக்கார். ஓமுர்சாக் மகன். உக்காருங்க, கையில இருக்கற வேலைய முடிச்சிட்டு வருவார்."

கனிமெத் ஓமுர்சாக் மகன்